எங்கே என்பதற்கு முன்னால் எப்போது

(பாலக்கோட்டில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மாசி மாதத்தில் கோடைப் பயணத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறீர்களே, வெயிலே இன்னும் ஏறவில்லையே என்று வாசலில் ஒரு நண்பர் கேட்டார். இதைவிடத் தாமதமாகக் கூப்பிட்டிருந்தால் நான் பேசிப் பயன் இருக்காது என்றேன். ரயிலில் முன்பதிவு இப்போது பயண நாளுக்கு 60 நாள் முன்னால்தான் திறக்கிறது. 2024 நவம்பர் 1-க்கு முன்பு அது 120 நாளாக இருந்தது. ஏப்ரல் கடைசியில் கிளம்ப நினைப்பவர் பிப்ரவரி கடைசியிலேயே டிக்கெட் எடுத்தாக வேண்டும். சித்திரை பிறந்தபின் "எங்காவது போய்வரலாமா?" என்று வீட்டில் பேச்செடுத்தால் காத்திருப்புப் பட்டியலில் நூற்றுச் சொச்சமாவது இடம்தான் கிடைக்கும்.

அந்தப் பேச்சு எப்படி ஆரம்பிக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? ஒருவர் ஊட்டி என்பார், ஒருவர் காஷ்மீர் என்பார், பாட்டி காசி என்பார். மூன்றும் நல்ல ஊர்கள்தாம். ஆனால் மே மாதம் இரண்டாவது வாரத்தில் மூன்றும் ஒன்றல்ல. ஒன்றில் கூட்டம் நெரியும், ஒன்றில் குளிர் இதமாக இருக்கும், ஒன்றில் பகல் பதினொரு மணிக்குப் படித்துறைக் கல்லில் கால் வைக்க முடியாது. ஆகவே நான் சொல்ல வந்தது ஒரே விஷயம். எப்போது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எங்கே என்பது தானாக வந்து சேரும்.

நம் நாடு வடக்கு தெற்காக 3,214 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக 2,933 கிலோமீட்டர். இவ்வளவு பெரிய நிலத்தில் கோடை என்பது ஒரே நாளில் வந்து ஒரே நாளில் போவதில்லை. அது நகர்ந்துகொண்டே இருக்கிறது. நமக்குக் கத்திரி மே 4 வாக்கில் தொடங்குகிறது. அதே நாளில் லடாக்கின் கணவாய்களில் பனியை இயந்திரம் வைத்து வெட்டிக்கொண்டிருப்பார்கள். மேகாலயத்தில் மழை கொட்டும். சிரபுஞ்சியில் மே மாதத்தில் மட்டும் ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும். நம் தருமபுரி மாவட்டத்தில் ஓராண்டு முழுக்கப் பெய்வதைவிட அது கூடுதல். ராஜஸ்தானத்துப் பலோடியில் 2016 மே மாதத்தில் 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. பனி, மழை, நெருப்பு மூன்றும் ஒரே மாதத்தில், ஒரே நாட்டுக்குள்!

இந்தப் பருவங்களையெல்லாம் வழியிலேயே பார்த்த ஒரு பழைய பயணத்தைச் சொல்கிறேன். 1830-ஆம் ஆண்டு மே 18 அன்று சென்னையிலிருந்து ஒருவர் காசிக்குப் புறப்பட்டார். ஏனுகுல வீராசாமி என்று பெயர். அன்றைய சென்னை உச்சநீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவர். பெரிய பரிவாரத்தோடு திருப்பதி, ஐதராபாத், நாகபுரி வழியாகக் காசிக்குப் போய், கயை, கல்கத்தா வழியாகக் கடற்கரையோரமாகத் திரும்பி 1831 செப்டம்பரில் ஊர் வந்து சேர்ந்தார். வழியெல்லாம் எழுதிய குறிப்புகள் தெலுங்கில் 'காசியாத்ரா சரித்ர' என்ற நூலாக இருக்கின்றன. அவர் கிளம்பிய நாள் கத்திரிக்குள் வருகிறது பாருங்கள். பதினைந்து மாதத்துக்கு மேல் வழியில் இருந்தவருக்கு எல்லாப் பருவமும் வழியிலேயே வந்து போயின. நமக்குக் கிடைப்பது எட்டு நாள், பத்து நாள். பருவத்தில் ஒரு துண்டுதான் நம் கைக்கு வரும். அந்தத் துண்டைச் சரியாகத் தேர்ந்தெடுக்கத்தான் இந்த மாசி மாதத்துப் பேச்சு.

கோடைக்கு மலையேறும் பழக்கம் நம்முடைய பழைய பழக்கமில்லை. நம் முன்னோர் கோடையில் திருவிழாவுக்குப் போனார்கள், உறவினர் வீட்டுக்குப் போனார்கள். வெயிலுக்குப் பயந்து அரசாங்கத்தையே மலைக்குத் தூக்கிக்கொண்டு போனவர்கள் ஆங்கிலேயர்கள். 1864 முதல் சிம்லா அவர்களுடைய கோடைத் தலைநகரம். சென்னை மாகாண அரசு ஊட்டிக்குப் போனது. கோப்புகள், குமாஸ்தாக்கள், குதிரைகள் எல்லாம் மலையேறின. பிறகு ரயில் போட்டார்கள். 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைக்கும், 1908-இல் ஊட்டி வரைக்கும். கால்காவிலிருந்து சிம்லாவுக்கு 1903-இல்.

இங்கே நம் சீமையின் கதை ஒன்று வந்து சேர்கிறது. கால்கா சிம்லா ரயில் இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில் ஓடுவது. அதே இரண்டரை அடித் தண்டவாளத்தில் 1906-இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு ஒரு குட்டி ரயில் வந்தது. 1913-இல் அது ஓசூர் வரை நீண்டது. அந்தப் பாதை போட்டதற்குக் காரணம் பஞ்சம். மழை பொய்த்தால் தானியம் கொண்டுவர வேண்டும் என்பதற்காகப் போட்ட பாதை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1941-இல், அதை மூடிவிட்டார்கள். ஒரே அளவுத் தண்டவாளம். அங்கே துரைமார் வெயிலுக்குத் தப்பிப்பதற்கு, இங்கே சனங்கள் பசிக்குத் தப்பிப்பதற்கு. இன்று சிம்லா ரயிலில் பாலக்கோட்டுக்காரர் ஒருவர் சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து போகலாம் என்பது சின்ன விஷயமில்லை.

இனி வாரக் கணக்குக்கு வருவோம். பிள்ளைகள் எழுதிக்கொள்ளலாம்.

முதலில் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு, ஆறரை டிகிரி குறையும். நம் ஊர் ஐந்நூறு மீட்டர் சுமாருக்கு இருக்கிறது. இங்கே 38 டிகிரி என்றால் 1,500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டில் 32 பக்கம் இருக்கும். 2,240 மீட்டர் உயரமுள்ள ஊட்டியில் 27. மேகமும் மரமும் சேர்ந்தால் அதிலும் குறையும். இந்த ஒரு கணக்குத் தெரிந்தால் போதும். எந்த ஊரின் பெயரைச் சொன்னாலும் அதன் உயரத்தைக் கேளுங்கள். 'மலை வாசஸ்தலம்' என்று விளம்பரத்தில் போட்டிருந்தாலும் எண்ணூறு மீட்டர் என்றால் மே மாதத்தில் வியர்க்கத்தான் செய்யும்.

ஏப்ரல் முதல் பாதி. பிள்ளைகளுக்குப் பரீட்சை நடக்கிற நேரம். ஆனால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் பரீட்சைக்குப் பிள்ளை இல்லாதவர்களுக்கும் இதுவே பொன்னான நேரம். ஸ்ரீநகரில் தால் ஏரிக்கு அருகே, சபர்வான் மலையடியில் துலிப் தோட்டம் மார்ச் கடைசியிலிருந்து சில வாரங்கள் மட்டும் திறந்திருக்கும். சிக்கிமில் ரோடோடெண்ட்ரான் மரங்கள் சிவக்கத் தொடங்கும். 2025 ஜூன் முதல் செனாப் ஆற்றின் மேல் 359 மீட்டர் உயரத்தில் கட்டிய பாலத்தின் வழியாகக் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு ரயில் ஓடுகிறது. அதே ஆண்டு ஏப்ரல் 22-இல் பஹல்காமில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதும், பல சுற்றுலா இடங்களை மூடிப் பிறகு படிப்படியாகத் திறந்ததும் உங்களுக்குத் தெரியும். ஆகவே காஷ்மீருக்கு டிக்கெட் எடுக்கும் முன்னும், கிளம்புவதற்கு முந்தைய வாரமும் நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் கடைசியும் மே முதல் பத்து நாளும். என் பேச்சில் இதைத்தான் நீங்கள் கையோடு கொண்டுபோக வேண்டும். நம் பிள்ளைகளுக்கு ஏப்ரலில் பரீட்சை முடிந்துவிடுகிறது. டெல்லிப் பள்ளிகளுக்கு விடுமுறை மே இரண்டாம் வாரத்தில்தான் தொடங்கும். அதன்பின் ஜூன் கடைசி வரை சிம்லா, முசௌரி, நைனிடால், மணாலி எல்லாம் வடநாட்டுக் கார்களால் நிரம்பி வழியும். நமக்கும் அவர்களுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு வார இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் வடக்கு மலைகள் நமக்குக் காலியாகக் கிடைக்கின்றன. அதே நாள்களில் ஊட்டியும் கொடைக்கானலும் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றின் விடுமுறையையும் ஒன்றாகச் சுமக்கின்றன. கிட்டத்து மலை நெரியும்போது தூரத்து மலை காலி. இது தெரியாமல் நாம் எல்லோரும் ஊட்டிச் சாலையின் பர்லியாறு வளைவில் வண்டியை நிறுத்திவிட்டு முன்வண்டியின் நம்பர் பிளேட்டைப் படித்துக்கொண்டு நிற்கிறோம்.

மே இரண்டாம் பாதி. கேதார்நாத், பத்ரிநாத் கோயில்கள் ஏப்ரல் கடைசியிலிருந்து மே மாதத்துக்குள் நடை திறந்துவிடும். முதல் இரண்டு வாரக் கூட்டத்தை விட்டுவிட்டுப் போகிறவர் புத்திசாலி. கேதார்நாத் 3,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது. இதய நோய், மூச்சிரைப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது. லே நகரமும் 3,500 மீட்டர்தான். விமானத்தில் போய் இறங்கினால் முதல் இரண்டு நாள் அறையிலேயே படுத்திருக்க வேண்டும். காசு கொடுத்துப் போய்ப் படுப்பதா என்று யோசித்து முதல் நாளே சுற்றக் கிளம்புகிறவர்தான் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜனோடு படுக்கிறார். இதே மே 20-ஐ ஒட்டி அந்தமானில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும். படகை நம்பிப் போகிற இடம் அது. ஆகவே அந்தமானைத் தை மாசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் பிறந்தால் கேரளத்தில் மழை. வழக்கமான தேதி ஜூன் 1. பத்து நாளில் மும்பை, ஜூன் கடைசியில் டெல்லி, ஜூலை 8 வாக்கில் நாடு முழுவதும். மழை ஏறினால் இமயமலைச் சரிவுகள் மண் சரியும் இடங்களாகிவிடும். ஜூன் முடிவதற்குள் மலையிலிருந்து இறங்கிவிடுங்கள்.

பாட்டி சொன்ன காசியை நான் மறக்கவில்லை. காசி, ஆக்ரா, கஜுராகோ, ஜெய்ப்பூர், ஹம்பி ஐந்தையும் கார்த்திகை மார்கழிக்கு ஒதுக்குங்கள். கல்லால் ஆன ஊர்களைக் கோடையில் பார்த்தால் கல் நம்மைச் சுடும், நாம் கல்லைப் பார்க்க மாட்டோம். ஒரு விதிவிலக்கு உண்டு. கான்ஹா, ரந்தம்போர் போன்ற புலிக் காடுகள். வெயில் ஏற ஏறக் காட்டில் தண்ணீர் சுருங்கும். மிஞ்சிய குட்டைக்கு மிருகங்கள் வந்தே ஆக வேண்டும். இலையும் உதிர்ந்திருக்கும். வெப்பத்தைப் பொறுத்துக்கொள்பவருக்குப் புலி தென்பட வாய்ப்பு அப்போதுதான் அதிகம்.

சரி, பாலக்கோட்டிலிருந்து எப்படிப் போவது? நம்மூர் ஸ்டேஷன் சேலம் பெங்களூரு பாதையில் இருக்கிறது. வடக்கே போக பெங்களூரு, கிழக்கே போக சேலம் அல்லது ஜோலார்பேட்டை, மும்பைக்குப் போக தருமபுரியில் நிற்கிற குர்லா எக்ஸ்பிரஸ். நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பம் மே முதல் வாரத்தில் சிம்லா போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் மாலை கர்நாடகா எக்ஸ்பிரஸ் ஏறினால் இரண்டு இரவும் ஒரு பகலும் தாண்டி டெல்லி.

அந்தப் பகலை வீணடிக்காதீர்கள். காலையில் கண் விழிக்கும்போது நம் செம்மண் போய்விட்டிருக்கும். சோலாப்பூர் பக்கம் கரிசல், மைல் கணக்கில் உழுது போட்டு மழைக்குக் காத்திருக்கும் கரிசல். அகமதுநகர் மேட்டில் கட்டை முள்ளும் ஆட்டு மந்தையும். பொழுது சாயும்போது புசாவல் பக்கத்து வாழைத் தோட்டங்கள். நம் ஊர் வாழை விவசாயி பார்த்தால் இறங்கிப் போய்ச் சொட்டுநீர்க் குழாயை எண்ணிவிட்டுத்தான் வருவார். இரவில் நர்மதையைக் கடந்துவிடுவீர்கள். மறுநாள் விடியலில் குவாலியரைத் தாண்டியதும் எழுந்து சன்னலுக்கு வாருங்கள். சம்பல் ஆற்றின் இரு கரையிலும் மண் அரித்து அரித்து ஆயிரக்கணக்கான பள்ளங்களாகப் பிளந்து கிடக்கும். பிள்ளைகள் பூகோளப் புத்தகத்தில் மண்ணரிப்பு என்று ஒரு வரியில் படித்தது கால் மணி நேரத்துக்குக் கண்முன் ஓடும். ஒரே ஒரு எச்சரிக்கை. தக்காணத்தை மே மாதப் பகலில் படுக்கை வகுப்பில் கடப்பது குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் கடினம். மூன்றடுக்கு ஏசிக்குச் செலவழித்துவிட்டுத் தங்கும் அறையில் மிச்சம் பிடியுங்கள்.

டெல்லியில் பகலில் சுற்ற வேண்டாம். அங்கே மே மாதப் பகல் நாற்பதைச் சாதாரணமாகத் தொடும். நேரே கால்கா. அங்கிருந்து குட்டி ரயிலில் 96 கிலோமீட்டர், 102 சுரங்கங்கள், ஐந்து மணி நேரத்துக்கு மேல். கால்காவில் வேப்ப மரம், பாதி வழியில் பைன், சிம்லாவை நெருங்கும்போது தேவதாரு. உயரத்தை மீட்டரில் சொல்ல வேண்டியதில்லை, மரமே சொல்லும். சிம்லாவில் நான்கு நாள் தங்குங்கள். அதோடு மணாலி, தர்மசாலா, அமிர்தசரஸ் எல்லாவற்றையும் சேர்த்து 'பேக்கேஜ்' போடுகிறவர்களிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஒரு பயணத்துக்கு ஒரு மலை போதும். எட்டு நாளில் ஆறு ஊர் பார்த்தவரிடம் போய்க் கேளுங்கள், பஸ்ஸில் போட்ட வாந்தி மாத்திரையின் பெயர்தான் ஞாபகம் இருக்கும்.

இன்னும் சில நடைமுறைச் செய்திகள். தட்கல் முன்பதிவு பயணத்துக்கு முந்தைய நாள், ஏசிக்குக் காலை 10 மணி, மற்ற வகுப்புகளுக்கு 11 மணி. 2025 ஜூலை முதல் இணையத்தில் தட்கல் எடுக்க ஆதார் இணைப்பு வேண்டும். அதை இந்த வாரமே முடித்துவையுங்கள், கடைசி நாளில் ஓடிபி வராது. அருணாசலம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூருக்கு முன் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியில் போகிறவர்களுக்கு இ-பாஸ் முறை 2024 மே 7-இல் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று வரம்பும் வைத்தார்கள். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

இந்த வரம்பைக் கேட்டால் நமக்குக் கோபம் வருகிறது. ஆனால் 2018 மே கடைசியில் சிம்லாவில் குழாய்கள் வறண்டன. தயவுசெய்து இப்போது வராதீர்கள் என்று உள்ளூர்க்காரர்களே சுற்றுலாப் பயணிகளைக் கேட்டுக்கொண்டார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன் நம் மாவட்டத்துப் பெண்கள் குடத்தோடு நடந்த தூரம் இங்கே பலருக்கு நினைவிருக்கும். தண்ணீருக்காக நடந்தவர்கள் இன்னொரு ஊரின் குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்க்கக் கூடாது. விருந்தாளி எத்தனை பேர் வந்தால் வீடு தாங்கும் என்று சொல்கிற உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு.

கடைசியாக, இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் விவசாயிகளின் முகத்தைப் பார்க்கிறேன். 'ஏப்ரல், மே என்கிறீரே, அதுதானே எங்களுக்கு மாங்காய் சீசன்? தக்காளியைப் பறித்து விடிவதற்குள் மண்டிக்குக் கொண்டுவர வேண்டுமே, யார் விட்டுக்கொடுப்பார்கள்?' என்று அந்த முகங்கள் கேட்கின்றன. நியாயமான கேள்வி. பயணக் கையேடுகள் எல்லாம் மாதச் சம்பளக்காரருக்கு எழுதப்பட்டவை. உங்களுக்கு எப்போது என்பதை உங்கள் தோட்டம் சொல்லும். மாங்காய் கைக்கு வருமுன் ஏப்ரல் முதல் வாரத்தில் நான்கு நாள் கிடைத்தால் சிக்மகளூர், குடகு. அங்கே ஒரு மழை விழுந்தால் காபிச் செடி மலையெங்கும் வெள்ளையாகப் பூத்து நிற்கும். அதுவும் முடியாவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் கிளம்பி ஏற்காடு, இல்லையென்றால் நம் வத்தல்மலை. ஒகேனக்கலில் கோடையில் தண்ணீர் குறைந்திருக்கும். அருவியின் ஆரவாரம் குறைவுதான். ஆனால் ஆறு வடிந்திருக்கும்போதுதான் பரிசல் பாறை இடுக்குகளுக்குள் நிதானமாகப் போகும், கருங்கல்லை நீர் குடைந்த குடைவுகள் வெளியே தெரியும். கர்நாடகத்தில் மழை பிடித்து நீர்வரத்து ஏறினால் பரிசலுக்குத் தடை போட்டுவிடுவார்கள். ஆடியில் அருவி பார்ப்பவர் ஆற்றைப் பார்க்கிறார். சித்திரையில் போகிறவர் ஆற்றின் எலும்பைப் பார்க்கிறார். இரண்டும் பார்க்க வேண்டியவை, வேறு வேறு மாதத்தில்.

இன்று இரவு வீட்டுக்குப் போனதும் சுவரிலிருந்து நாள்காட்டியைக் கழற்றுங்கள். பிள்ளைகளின் பரீட்சை முடியும் நாளில் ஒரு வட்டம். தோட்டத்துக்கோ அலுவலகத்துக்கோ நீங்கள் கட்டாயம் இருக்க வேண்டிய நாள்களில் ஒரு கோடு. மிஞ்சிய நாள்களிலிருந்து அறுபது நாளைப் பின்னோக்கி எண்ணி ஒரு புள்ளி. அந்தப் புள்ளி அடுத்த வாரத்தில் விழுந்தாலும் ஆச்சரியமில்லை. இவ்வளவும் முடிந்த பிறகு, எங்கே போவது என்று குடும்பத்தோடு உட்கார்ந்து நன்றாகச் சண்டை போடுங்கள். அப்போது போடுகிற சண்டைக்குப் பலன் உண்டு, டிக்கெட்டும் உண்டு.